கிராமச் செவிலியரின் சுற்றில் ஒரு நாள்

ஊராட்சி ஒன்றியக் கூட்டங்களில் தாய் சேய் நலத்தைப் பற்றிய கணக்குகள் மாதந்தோறும் வாசிக்கப்படுகின்றன. எத்தனை கர்ப்பிணிகள் பதிவு செய்யப்பட்டனர், எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது என்ற விவரங்கள் அவற்றில் இருக்கும். ஆனால் அக்கணக்கில் இடம் பெறாமல் விடுபட்டவர்கள் யார் என்பதைக் கணக்கு நமக்குச் சொல்வதில்லை. நம் துணைவியார் திருப்பூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி வருகிறார். அண்மையில் நாம் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலை முதல் இரவு வரை அவருடன் வீடு வீடாகச் சென்றோம். அன்று கண்டவற்றுள் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துரைக்கிறோம்.

முதலில் இப்பணியின் அளவை அறிந்துகொள்வது நன்று. சமவெளிப் பகுதியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அந்த எல்லைக்குள் ஒரு பெண் கருவுற்றால் அவரைத் தொடக்கத்திலேயே பதிவு செய்தல், குறைந்தது நான்கு முறை பரிசோதனைக்கு வரச்செய்தல், பிரசவத்திற்குப்பின் தாயையும் சேயையும் வீட்டிற்கே சென்று பார்த்தல், உரிய காலத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி கிடைக்கச் செய்தல் ஆகியவை செவிலியரின் கடமைகளுள் முக்கியமானவை. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி முதலிய ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியை 6, 10, 14 ஆவது வாரங்களில் போட வேண்டும். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரிய ஊசியின் முதல் தவணை 9 மாதம் நிறைந்ததும் போடப்படுகிறது.

நம் மாநிலத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாளாகும். நாம் உடன் சென்றது அதற்கு மறுநாள். முந்தைய நாள் வராத ஐந்து குழந்தைகளின் பெயர்கள் துணைவியாரின் பையிலிருந்த குறிப்பேட்டில் இருந்தன. பத்து மணிக்குள் ஐந்து வீடுகளுக்கும் சென்றுவிட்டோம். மூன்று வீடுகள் பூட்டிக் கிடந்தன. நான்காவது வீட்டில் வேறொரு குடும்பம் குடியிருந்தது. ஐந்தாவது வீட்டில் மட்டும் பாட்டி ஒருவர் குழந்தையுடன் இருந்தார். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் மருமகள் வேலைக்குப் போக முடியாது என்பதே அவர் கூறிய காரணம். அக்காய்ச்சல் ஓரிரு நாளில் தணிந்துவிடும் என்பதைத் துணைவியார் பொறுமையாக விளக்கி, அடுத்த புதன்கிழமைக்கு அவரிடம் இசைவு பெற்றார்.

வீடுகள் பூட்டிக் கிடந்ததற்குக் காரணம் அலட்சியம் அன்று. பனியன் கம்பெனிகளில் காலை எட்டரை மணிக்கு வேலை தொடங்குகிறது. மாலையில் ஒரு ஷிப்டு முடிந்த பின்னும் அரை ஷிப்டு சேர்த்துப் பார்ப்பவர்கள் வீடு திரும்ப இரவு எட்டரை மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. ஒன்றரை ஷிப்டுக் கூலி இல்லாமல் வாடகையும் கடனும் தீர்வதில்லை. செவிலியர் வரும் நேரத்தில் தாய் கம்பெனியில் இருக்கிறார். தாய் வீட்டில் இருக்கும் நேரத்தில் துணை சுகாதார நிலையம் மூடியிருக்கிறது. ஆகவே துணைவியார் அன்று இரவு மீண்டும் அதே லைன் வீடுகளுக்குச் சென்றார். “கதவு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டுப் போகலாம்; அதனால் குழந்தைக்கு ஊசி போட்டதாகிவிடுமா?” என்று அவர் நம்மிடம் கேட்டார்.

இரவில் சென்றதால்தான் ஒரு கர்ப்பிணியைக் காண முடிந்தது. ஐந்தாம் மாதம், செக்கிங் வேலை பார்ப்பவர், வேலை போய்விடுமோ என்ற அச்சத்தால் எங்கும் பதிவு செய்துகொள்ளவில்லை. இரத்தத்தைப் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8.4 கிராம் இருந்தது. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்பர். 7 கிராமுக்குக் குறைந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். தெரிந்தவர் ஒருவர் வாங்கித் தந்த இரும்புச்சத்து மாத்திரைகளை அவர் கம்பெனியில் தேநீர் இடைவேளையின்போது தேநீருடன் விழுங்கி வந்திருக்கிறார். தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. இரவு உணவுக்குப்பின் தண்ணீருடன் மாத்திரையை உட்கொண்டு, நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை போன்றவற்றைச் சேர்த்துக்கொள்ளும்படி துணைவியார் கூறினார். மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்க்கவும் ஏற்பாடு செய்தார். உரிய காலத்தில் பதிவு செய்துகொள்ளும் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்படி ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக மொத்தம் ரூ. 18,000 மதிப்புள்ள உதவி உண்டு என்பதையும் எடுத்துச் சொன்னார்.

அந்த லைன் வீடுகளுக்கு உரிமையாளர் ஒரு விவசாயி. தோட்டத்தின் ஓரத்தில் எட்டு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். “அவங்க குடி வந்து ரெண்டு மாசம் ஆச்சுங்க அம்மா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு இருந்தேனுங்க” என்றார். இதில்தான் தீர்வுக்கு வழி இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வரும் குடும்பங்களைச் செவிலியர் அறிவதற்கு முன்பே வீட்டுக்காரர் அறிகிறார். அவர் அறிந்தது செவிலியருக்கு எட்டினால், அக்குடும்பத்தின் தாயும் சேயும் கணக்கிற்குள் வந்துவிடுவர்.

ஆகவே ஊராட்சிகள் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவதாக, வாடகைக்கு வீடு விட்டிருக்கும் விவசாய அன்பர்கள், புதிதாகக் குடிவந்த வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருப்பின் ஒரு வாரத்திற்குள் செவிலியருக்கோ வார்டு உறுப்பினருக்கோ தெரிவிக்க வேண்டும். வீட்டைக் காலி செய்து போகிறவர்களிடம் தாய் சேய் நல அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லும்படி சொல்ல வேண்டும். அந்த அட்டை இருந்தால் அடுத்த ஊர்ச் செவிலியர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

இரண்டாவதாக, மாதம் ஒரு முறை மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ தடுப்பூசி முகாம் நடத்தும்படி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை ஊராட்சி கேட்டுக்கொள்ளலாம். விளக்கு வசதியுள்ள கட்டடம் ஒன்றைத் தந்து, குழந்தைகளை ஒரே இடத்தில் திரட்ட வேண்டும். தட்டம்மை மருந்தைக் கரைத்தால் 4 மணி நேரத்திற்குள் பயன்படுத்தியாக வேண்டும். எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டியதுதான். எனவே குழந்தைகள் ஒன்றாகக் கூடி வருவது மருந்தையும் காக்கும்.

மூன்றாவதாக, பரிசோதனை நாளன்று கர்ப்பிணிகளுக்கு இரண்டு மணி நேரம் கூலிப் பிடித்தமின்றி விடுப்புத் தருமாறு கம்பெனி உரிமையாளர்களிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் ஊர்ப் பெரியவர்கள் பேச வேண்டும். செவிலியர் தனியாகக் கேட்பதைவிட ஊரே கேட்பதற்கு மதிப்பு அதிகம்.

நான்காவதாக, தடுப்பூசி விடுபட்ட குழந்தைகளின் எண்ணிக்கையை, பெயர் குறிப்பிடாமல், கிராம சபையில் வாசிக்கலாம். போடப்பட்ட ஊசிகளின் கணக்கைவிட விடுபட்டவற்றின் கணக்கே ஊரைச் செயலுக்குத் தூண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. அயலூரிலிருந்து வந்த உழைப்பாளியின் குழந்தையும் நம் ஊர்க் குழந்தையே என்ற எண்ணம் வேண்டும். தட்டம்மை வீட்டுக்காரர் யார், குடியிருப்பவர் யார் என்று பார்த்துப் பரவுவதில்லை. அடுத்த புதன்கிழமைக்கு முன்பாக ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டிலுள்ள லைன் வீடுகளுக்கு ஒரு முறை மாலையில் சென்று வருவார்களாயின், செவிலியரின் குறிப்பேட்டில் விடுபட்ட பெயர்கள் பல அவருக்குக் கிடைத்துவிடும்.