ஆட்டின் வெளிறலும் அகத்துறை புழுவும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த தம்பலகாமம், மூதூர்த் தரவைகளில் மாரி ஓய்ந்து புல் செழிக்கும் தை மாதத்திலும் சில ஆடுகள் வெளிறி மெலிவதுண்டு. தீனிக் குறையே காரணமென்பர். அஃது எப்போதும் உண்மையன்று. ஈரப்புல்லோடு உட்செல்லும் ‘ஈமோங்கசு’ என்னும் புழுவின் குடம்பிகள் நான்காம் இரைப்பையிற் குடியேறிக் குருதியுண்டு வளர்கின்றன. ஒரு புழுவால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர் குருதி போகுமெனின், ஆயிரம் புழுக்களால் 50 மில்லிலீற்றர் இழப்பாகும். குருதியோடு இரும்பும் கழிகின்றது. இரைப்பையின் புளிப்புக் குன்றுதலாற் செம்பு உறிஞ்சப்படுதலும் தடைப்படுகின்றது. செம்பு குறையின், ஈரலிற் சேமித்த இரும்பும் குருதியாக்கத்துக்கு எளிதிற் பயன்படாது. ஆதலின், புழுவை நீக்காது கனிப்பொருளூட்டுதல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்தலை ஒக்கும். கீழிமையின் உட்புறத்தை நோக்குக; வெளிறியிருப்பின் கால்நடை வைத்தியரை நாடுக. ஏழைக் குடும்பத்தின் சேமிப்பு அவ்வாடே.