கூடையில் விழாத பந்துக்கு 3 புள்ளி!
ஒரே விசிலில் கை மாறிய ஆட்டம்

பந்து கூடைக்குள் விழவே இல்லை. ஆனாலும் 3 புள்ளி கொடுத்தார் நடுவர். ஜெயித்துக்கொண்டிருந்த அணி தோற்றுப்போனது!

2015-ம் ஆண்டு மார்ச் 19-ந் தேதி. அமெரிக்காவில் லூயிவில் நகரம். கல்லூரி அணிகளுக்கான தேசிய கூடைப்பந்து போட்டி. தோற்றால் மூட்டை கட்டவேண்டியதுதான், மறு ஆட்டம் கிடையாது. டல்லாஸ் நகரத்து சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகமும், லாஸ் ஏஞ்சலிசின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகமும் மோதின.

டல்லாஸ் 59, யு.சி.எல்.ஏ. 57. பாக்கி இருந்தது 13 வினாடி.

யு.சி.எல்.ஏ. வீரர் பிரைஸ் ஆல்போர்டு தூரத்தில் இருந்து பந்தை எறிந்தார். (அந்த அணியின் பயிற்சியாளர் அவருடைய அப்பாவேதான்!) பந்து இறங்கி வந்தது. டல்லாஸ் அணியில் ஆடிய அங்கோலா நாட்டு வாலிபர் யானிக் மோரேரா எம்பி அதைத் தொட்டார்.

விசில்!

"கோல் டெண்டிங்" என்று சொல்லி 3 புள்ளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் நடுவர். கணக்கு 60-59. மிச்ச வினாடிகளில் டல்லாஸ் எறிந்தது எதுவும் விழவில்லை.

ஏறலாம், இறங்கக் கூடாது

கோல் டெண்டிங் என்றால் என்ன? கூடையின் வளையம் தரையில் இருந்து 10 அடி உயரம். எறிந்த பந்து மேலே ஏறும்போது எதிரணி தட்டிவிடலாம். தட்டியவனுக்குக் கைதட்டல் கூட கிடைக்கும். அதே பந்து வளையத்துக்கு மேலே இருந்து கூடையை நோக்கி இறங்க ஆரம்பித்துவிட்டால் கை வைக்கக் கூடாது. வைத்தால் பந்து விழுந்ததாகவே கணக்கு.

ஆதியில் இந்த விதி இல்லை. 1940-களில் 7 அடி பாப் கர்லாந்து, 6 அடி 10 அங்குல ஜார்ஜ் மைக்கன் என்று இரண்டு நெட்டையர்கள் கல்லூரி ஆட்டத்துக்கு வந்தார்கள். கூடையடியில் நின்றுகொண்டு வருகிற பந்தையெல்லாம் ஈ ஓட்டுவது போல ஓட்டினார்கள். அப்புறம் எவன் எறிந்து என்ன பயன்? 1944-ல் தடை போட்டார்கள்.

அமெரிக்க கல்லூரி விதியில் ஒரு கொக்கி உண்டு. தொட்ட பந்து, கூடைக்குள் போக வாய்ப்பு உள்ளதாக இருக்க வேண்டும். வாய்ப்பு உண்டா, இல்லையா? அதை நடுவர்தான் கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்யவேண்டும்! லூயிவில் ஆட்டத்தை டி.வி.யில் திரும்பத் திரும்பப் பார்த்த பலர், "அது விலகிப்போன பந்தய்யா" என்று அடித்துச் சொன்னார்கள். சங்கமோ நடுவர் பக்கமே நின்றது.

நம்ம ஊரில் எப்படி?

டி.வி.யில் அமெரிக்க ஆட்டம் பார்த்துவிட்டு நம்ம ஊர் மைதானத்துக்கு வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இங்கே ஆடுவது சர்வதேச விதிப்படி. எறிந்த பந்து வளையத்தில் பட்டுவிட்டால், அது விளிம்பில் உருண்டுகொண்டிருந்தாலும் யாரும் தட்டலாம். அமெரிக்காவில் அது குற்றம். எனவே நடுவர் விசில் ஊதவில்லையே என்று கத்தவேண்டாம்! கூடைக்குக் கீழே இருந்து கையை உள்ளே விட்டுப் பந்தைத் தொட்டால் இங்கேயும் தப்புதான்.

பிரீ த்ரோவில் இன்னும் கறார். பந்து கைக்கு வந்த 5 வினாடிக்குள் எறியவேண்டும். எறிவது போல பாசாங்கு கூடாது. பந்து வளையத்தில் படும் முன் எறிபவர் கோட்டை மிதித்தால், பந்து உள்ளே விழுந்தாலும் புள்ளி இல்லை.

பக்கத்தில் நிற்பவர்கள் அவசரப்பட்டு முன்னாடியே உள்ளே ஓடினால்? பந்து விழுந்துவிட்டால் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள், புள்ளி உண்டு. விழாமல் போய், ஓடியவர் எதிரணிக்காரர் என்றால் இன்னொரு தடவை எறியலாம். கடைசி பிரீ த்ரோவில் எதிரணிக்காரர் கோல் டெண்டிங் செய்தால் 1 புள்ளி போவதோடு டெக்னிக்கல் பவுலும் விழும். அதற்குத் தனியாக இன்னொரு பிரீ த்ரோ!

4 வருடம் கழித்து

2015-ல் இந்த மாதிரி விசிலை வீடியோ போட்டுப் பார்த்து மாற்ற நடுவருக்கு அதிகாரம் இல்லை. கடைசி 2 நிமிடத்தில் ஊதும் கோல் டெண்டிங்கை வீடியோவில் சரிபார்க்கலாம் என்று கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் விதி வந்தது 2019-ல்.

பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்ட மோரேராவுக்கு அது கல்லூரியில் கடைசி வருடம். லூயிவில் ஆட்டமே அவருடைய கடைசி கல்லூரி ஆட்டம்.