உங்களுக்குத் தெரியுமா? லாரியின் கோளாறு சைலன்சரில் இருக்கலாம்!

காரைக்குடி–தேவகோட்டை என்று குட்டி நடையே ஓடிய பழைய லாரியை வாங்குகிறீர்களா? முதலில் சைலன்சரைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் கட்டாயமான பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் லாரிகளில், சைலன்சரோடு சேர்ந்து புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி முழுதாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். குட்டி நடையில் அந்தச் சூடு ஏறாது. வடிகட்டி அடைக்கும், இழுவை குறையும், எச்சரிக்கை விளக்கு திரும்பத் திரும்ப எரியும். விளக்கை மட்டும் அணைத்துத் தந்தால் அது ரிப்பேரே அல்ல.

புகையைச் சுத்தமாக்கும் ஆட்ப்ளூ திரவத்தைத் தெளிக்கும் முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்ப்ளூவில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி கனிமம் நீக்கிய தண்ணீர். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றவே கூடாது. அதிலுள்ள வேப்பெண்ணெய்ப் பூச்சும் அசுத்தங்களும் சைலன்சரில் உள்ள வினையூக்கியைக் கெடுத்துவிடும். 35 டிகிரி வெப்பத்தில் ஆட்ப்ளூ ஆறு மாதமே தாங்கும். சிவகங்கை வெயிலில் கேனை நிழலில் வையுங்கள்.