வீடு விற்ற லாபம்: 12.5 சதவீதமா, 20 சதவீதமா?

வருமான வரிக் கணக்கு தாக்கலுக்குக் கெடு தேதியான ஜூலை 31 நெருங்குவதால், 2025-26 நிதியாண்டில் வீடு விற்ற வாசகர்களின் கடிதங்கள் குவிகின்றன. பெரும்பாலோர் கேட்பது எந்தக் கணக்கைப் போடுவது என்றுதான்.

2024 ஜூலை 23 பட்ஜெட்டுக்கு முன், வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்தி, மீதி லாபத்துக்கு மட்டும் 20 சதவீதம் கட்டினோம். பட்ஜெட் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு வரியை 12.5 சதவீதமாக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும், அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு, மனைக்கு இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்று ஆகஸ்டில் திருத்தினார்கள்.

வீடு, மனை விலை ஆண்டுக்கு 12 முதல் 16 சதவீதம் ஏறுவதால் பெரும்பாலோருக்குப் புதிய முறையே லாபம் என்றது வருமான வரித் துறை. யாருடைய வீடு அப்படி ஏறியது? கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

2005-06இல் 10 லட்சத்துக்கு வாங்கிய அடுக்குமாடி வீடு. அன்றைய குறியீடு 117, 2025-26க்கு 376. ஆக, அந்த 10 லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 32.14 லட்சம். வீடு 30 லட்சத்துக்குப் போனால் உண்மையில் நஷ்டம். பழைய முறையில் வரியே இல்லை. புதிய முறையோ 20 லட்சம் லாபம் என்று சொல்லி இரண்டரை லட்சம் கேட்கும். இரண்டு வரியும் சமமாவது விலை 69 லட்சத்தைத் தொடும்போதுதான். அதாவது 20 ஆண்டுகளும் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். கட்டடம் பழசாகி, பிரிபடாத மனைப் பங்கும் சிறிதாக இருக்கும் வீட்டுக்கு அந்த ஏற்றம் எளிதில் வராது.

2024 ஜூலை 23 முதல் வாங்கியவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. விலைவாசியோடு மட்டும் ஏறிய வீட்டுக்கும் அவர்கள் வரி கட்டியாக வேண்டும். இந்தியக் குடும்பச் சொத்தில் சராசரியாக 77 சதவீதம் வீடும் நிலமும்தான் என்று ரிசர்வ் வங்கியின் குழு 2017இல் சொன்னது. அந்தச் சொத்தின் மீதுதான் இப்படி ஒரு வரி என்பது எனக்குக் கவலை தருகிறது.

மற்ற கேள்விகள்:

பழைய முறையில் நஷ்டம் வந்தால்? வரி இல்லை, ஆனால் அந்த நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்க முடியாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள்? வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவராகக் கருதப்படாவிட்டால் 12.5 மட்டுமே.

2001க்கு முன் வாங்கிய வீடு? 2001 ஏப்ரல் 1 சந்தை மதிப்பை எடுக்கலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது.

வேறு வீடு வாங்க வைத்திருக்கும் பணம்? கெடு தேதிக்குள் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போடுங்கள், சாதாரண எஃப்.டி.யில் போட்டால் விலக்கு கிடைக்காது.