சினம் ஆறும் வழி

சினத்தைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் இரண்டு வகையின. கோபத்தை அடக்கிக்கொள் என்பது ஒன்று. உள்ளே வைத்திராதே, கொட்டித் தீர்த்துவிடு என்பது மற்றது. முன்னதைப் பெரியோர் சொல்வர். பின்னதை நண்பர்கள் சொல்வர். அடக்கியவன் இரவில் நித்திரையின்றிப் புரளுகிறான். கொட்டியவன் மறுநாள் முகங்கொடுக்க முடியாமல் நிற்கிறான். சில நாளில் மறுபடியும் கொட்டுகிறான். இரண்டு வழியிலும் சினம் போய்விடுவதில்லை என்பது நம் எல்லோருக்கும் அனுபவமான உண்மை.

ஔவையார் ஆத்திசூடியில் சினத்துக்கு இட்ட வினை இவ்விரண்டும் அல்ல. அவர் தேர்ந்த சொல் 'ஆறுதல்'. சுடுபால் ஆறுகிறது. புண் ஆறுகிறது. நடந்து களைத்தவன் இளைப்பாறுகிறான். துயருற்றவன் ஆறுதல் அடைகிறான். யாழ்ப்பாணத்தில் 'ஆறுதலாகச் செய்' என்றால் அவசரப்படாமற் செய் என்பது பொருள். இத்தனைக்கும் பொதுவாக நிற்பது காலம். பாலைப் பார்த்து ஆறு என்று கட்டளையிட முடியாது. மாற்றி மாற்றி ஊற்றலாம், விசிறலாம், திறந்து வைத்துக் காத்திருக்கலாம். இறுக மூடினால் ஆறாது. வீசியெறிந்தால் பாலும் இல்லை, பக்கத்தில் நிற்பவரும் சுடுபட்டுப் போவார். சினமும் அத்தகையதே.

இக்கருத்தை ஓர் உடற்பயிற்சியாகவே வளர்த்தெடுத்த மரபு சீனத்தில் உண்டு. அதனையும், அனுராதபுரத்தில் எழுதப்பட்ட ஒரு தியான நூலையும் துணையாகக் கொண்டு, சினம் ஆறும் வழியைச் சற்று நோக்குவோம்.

சீன மொழியில் ஒருவர் கோபப்பட்டார் என்பதற்கு அன்றாடப் பேச்சில் வழங்கும் சொல் 'ஷெங்ச்சி' என்பது. 'ச்சி பிறந்தது' என்பது அதன் நேர்ப்பொருள். கோபம் தணிந்தது என்பதற்கோ 'ச்சி கலைந்தது' என்பார்கள். ச்சி என்பது மூச்சு, காற்று, உயிராற்றல் என்னும் பல பொருள்களைத் தாங்கி நிற்கும் சொல். நம்முடைய பிராணன் என்ற சொல்லுக்கு அது ஏறத்தாழ அயலானது. 'கொங்' என்பது நாட்பட்ட உழைப்பால் கைவரும் திறன். இரண்டும் சேர்ந்ததே ச்சிகொங். மூச்சு, மெல்லிய அசைவு, ஒருமுகப்பட்ட கவனம் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பழகுவதே இதன் சாரம்.

பெயர் இன்று வழங்கும் பொருளில் பரவியது அண்மையில்தான். வயிற்றுப்புண்ணால் வருந்தி, மரபுவழிப் பயிற்சியொன்றினாற் குணமடைந்த லியூ குவெய்ஜென் என்பவர், 1950களில் ஹெபெய் மாகாணத்தில் இதனை ஒரு சிகிச்சை முறையாக ஒழுங்குபடுத்தினார். 1957இல் அது பற்றி நூலும் எழுதினார். ஆனால் பயிற்சியோ மிகப் பழையது. 1973இல் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்ற இடத்திற் கல்லறையொன்று அகழப்பட்டபோது, பட்டில் வரைந்த ஓவியமொன்று கிடைத்தது. கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை அது. ஆணும் பெண்ணும் இளையோரும் முதியோருமாக 44 உருவங்கள் அதிலே கை நீட்டியும் உடல் வளைத்தும் பயிற்சி செய்கின்றன.

நமது பொருளுக்கு அதனினும் நெருங்கியது ஹூபெய் மாகாணத்து ஜாங்ஜியாஷான் கல்லறையிற் கிடைத்த மூங்கிலேட்டு நூல். இதுவும் கி.மு. 2ஆம் நூற்றாண்டினது. உயர்குடியினர் நோய்ப்படுவதற்குக் காரணம் அவர்களுடைய மகிழ்ச்சியும் சினமும் இசைவு கெட்டு நிற்பதே என்று அந்நூல் கருதுகிறது. சினம் வந்தால் மூச்சைப் பலமாக ஊதி வெளியேற்றும்படி அது கூறுகிறது. சினத்துக்கு அறிவுரை சொல்லாமல் மூச்சைக் காட்டுகிற வைத்தியம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் இருந்திருக்கிறது.

பண்டைச் சீன மருத்துவத்தின் மூலநூலான 'மஞ்சட் பேரரசரின் உள்நூல்' சினம் ச்சியை மேலே ஏற்றுகிறது என்கிறது. அது ஈரலைத் தாக்கும் என்றும் சொல்கிறது. ஈரலைப் பற்றிய கூற்றை இன்றைய மருத்துவம் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் 'கோபம் தலைக்கேறிவிட்டது' என்று தமிழனும் சொல்கிறான் அல்லவா? முகம் சிவக்கிறது, தோள் உயர்கிறது, மூச்சு நெஞ்சின் மேற்பகுதியிலே நின்று துடிக்கிறது. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கனன் 1915இல் வெளியிட்ட நூலில் இதன் பொறிமுறையை விளக்கினார். சினத்தின்போது அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, இரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது, சமிபாடு நிற்கிறது. உடல் அடிப்பதற்கோ ஓடுவதற்கோ ஆயத்தமாகிவிட்டது. இந்த நிலையில் மனத்துக்கு மட்டும் புத்தி சொல்லிப் பயனில்லை. சண்டை இல்லை என்பதை முதலில் உடலுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அதற்குரிய வாயில் மூச்சு. இதயத் துடிப்பை நாம் நினைத்தபடி குறைக்க முடியாது. மூச்சையோ நினைத்தபடி நீட்டலாம். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்றே விரைகிறது, வெளிவிடும்போது தணிகிறது. ஆகவே வெளிமூச்சை நீளமாக்குகிறவன் இதயத்தை அமைதிப்படுத்துகிறான். அந்த மூங்கிலேட்டு வைத்தியனுக்கு நரம்புகளின் பெயர் தெரியாது. ஆயினும் அவன் கைவைத்த இடம் சரியான இடம்.

ச்சிகொங் பயிற்சிகளுள் இன்று மிகப் பரவலாகப் பழகப்படுவது 'பாதுவான்ஜின்' என்பது. எட்டுப் பட்டுத் துண்டுகள் என்று பொருள். சொங் அரச காலமாகிய 12ஆம் நூற்றாண்டிலேயே இப்பெயர் நூலில் வந்துவிட்டது. 2003இல் சீன அரசின் விளையாட்டுத் துறை ஒழுங்குபடுத்தி வெளியிட்ட நான்கு பயிற்சித் தொகுதிகளுள் இதுவும் ஒன்று. இதன் ஏழாவது அசைவு நம் கவனத்துக்கு உரியது. கால்களை அகட்டி, முழங்காலைச் சற்று மடித்து, குதிரைமேல் இருப்பவர்போல் நிற்க வேண்டும். பெருவிரலை உள்ளே வைத்து இரு கைகளையும் இடுப்பருகே முட்டியாகப் பிடிக்க வேண்டும். ஒரு முட்டியை முன்னோக்கி மெல்ல மெல்ல நீட்டி, கண்களை அகல விழித்து அதனை உறுத்துப் பார்க்க வேண்டும். அசைவின் பெயரிலேயே சினந்த கண் என்ற சொல் இருக்கிறது.

அமைதிக்கான பயிற்சியிற் சினந்த கண்ணுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். தொடர்ந்து நடப்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். நீண்ட கை அந்தரத்திலே திறக்கிறது, மணிக்கட்டுச் சுழல்கிறது, மறுபடி மெல்ல மூடி இடுப்புக்குத் திரும்புகிறது. அடுத்த கை புறப்படுகிறது. எதிரே அடிபடுபவர் எவருமில்லை. வேகம் இல்லை. மரபு இதனை வலிமை பெருக்கும் அசைவென்று சொல்கிறது. எனினும் பழகுகிறவர் வேறொன்றையும் கற்றுக்கொள்கிறார் என்று நாம் கருதலாம். முட்டி பிடிக்கவும் முடியும், பிடித்ததைத் திறக்கவும் முடியும் என்பதே அது. சினம் வந்த வேளையில் நமக்கு மறந்துபோவது இந்த இரண்டாவது பாதிதான்.

உடல் இவ்வாறு ஆறும்போது மனம் சும்மா இருந்துவிடுமா? இருக்காது. நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது அதன் இயல்பு. இதைப் பற்றிச் சுவாங்ஸி என்னும் சீன நூலில் ஓர் உவமைக் கதை உண்டு. ஆற்றைக் கடக்கும் ஒருவனுடைய படகில் வெறும் படகொன்று மிதந்து வந்து மோதுகிறது. எத்தகைய முன்கோபியும் அதன்மேற் சினப்பதில்லை. அதே படகில் ஓராள் இருந்தாற் போதும். முதலில் விலகு என்று கத்துவான், பிறகு ஏசத் தொடங்குவான். மோதல் ஒன்றுதான், சினத்தைத் தந்தது படகில் ஆள் இருக்கிறான் என்ற எண்ணம்.

அந்த ஆளை மனத்திலே என்ன செய்வது என்று நுணுக்கமாக ஆராய்ந்தவர் புத்தகோசர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து பாளி மொழியில் விசுத்திமக்கத்தை எழுதியவர் அவர். அவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த செய்தியை அவரது உரைநூலொன்றின் முடிவுரை தருகிறது என்பது தமிழருக்குச் சுவையான தகவல். அந்நூலின் ஒன்பதாம் இயலில் மைத்திரி தியானம் விளக்கப்படுகிறது. அதன் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. பகைவனை நேசிக்கத் தொடங்கு என்று அவர் ஆரம்பத்திலே சொல்லவில்லை. முதலில் உன் நலத்தை நினை, பின் நீ மதிக்கும் ஒருவருடைய நலத்தை நினை, பின் விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர், கடைசியிலேதான் பகைவன். அங்கே சினம் தலைதூக்கினால் வெட்கப்பட வேண்டியதில்லை; முந்திய படிக்குத் திரும்பி வா என்கிறார்.

அதற்கும் அடங்காத சினத்துக்கு மருந்துகள் பலவற்றை அவர் வரிசைப்படுத்துகிறார். பிறரை எறியத் தணலைக் கையிலெடுப்பவன் முதலில் தன் கையையே சுட்டுக்கொள்கிறான் என்று நினைத்துப்பார் என்பது ஒன்று. நீ எதன்மேற் சினக்கிறாய், அவனுடைய தலைமயிரின் மேலா, நகத்தின் மேலா, எலும்பின் மேலா என்று பகுத்துப்பார் என்பது இன்னொன்று. படகில் ஆள் இல்லையென்று காணும் வழி அதுவே. எண்ணத்தால் ஒன்றும் ஆகாதபோது கடைசியாக அவர் சொல்வது மிக எளிய செயல்: அந்த மனிதனுக்கு ஏதாவது ஒன்றைக் கொடு. கை திறந்தால் மனமும் திறக்கக்கூடும்.

கொட்டித் தீர்ப்பதே நல்லது என்ற நம்பிக்கையை இக்கால உளவியலாளர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2002இல் அமெரிக்கரான பிராட் புஷ்மன் வெளியிட்ட ஆய்வில், சினமூட்டப்பட்ட மாணவருள் ஒரு பகுதியினர் தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தினர். அவர்களுடைய சினம் தணியவில்லை. சும்மா அமர்ந்திருந்தவர்களைவிட அவர்களே மிகுந்த சினத்துடன் இருந்தனர். 2024இல் அவரும் சோஃபி ஷாவிக்கும் 154 ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தபோதும், உடலின் கொதிப்பைக் குறைக்கும் மூச்சுப்பயிற்சி, தியானம், யோகம் போன்றவையே சினத்தைத் தணிக்கின்றன என்று கண்டனர். கொதிப்பைக் கூட்டும் செயல்கள் பொதுவாக அவ்வாறு உதவவில்லை.

பழகிப் பார்க்க விரும்பும் நேயர்களுக்கு எளிய முறையொன்று சொல்லலாம். தோளளவு இடைவெளியிற் கால்களை வைத்து நில்லுங்கள். முழங்கால்கள் விறைக்க வேண்டாம். தோள்களைத் தளரவிடுங்கள். உள்ளங்கைகளைத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். மூக்கால் இயல்பாக மூச்சை எடுத்து, உதடுகளைச் சிறிது திறந்து, எடுத்ததைவிட நீளமாக, ஆறுதலாக விடுங்கள். கவனம் கையின் கீழே இருக்கட்டும். நடந்த சண்டை நினைவுக்கு வந்தால் விரட்ட வேண்டாம். அடுத்த வெளிமூச்சுக்குத் திரும்பினாற் போதும். காலையிலோ மாலையிலோ பத்து நிமிடம் செய்யலாம். சினம் இல்லாத நாட்களிற் செய்வதே முக்கியம். வீடு பற்றியெரியும் போது கிணறு வெட்ட முடியாது.

இவ்விடத்தில் நியாயமான வினாவொன்று எழும். அநீதி இழைக்கப்பட்டவன் சினத்தை விடுவது அடிமைத்தனம் ஆகாதா? பிள்ளையை இழந்து நீதி கேட்டு வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாயிடம் போய், சினத்தை விடு அம்மா என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஒரு உரிமையும் இல்லை. சினத்தை ஆற்றுவது ஒருவர் தாமாகத் தமக்குச் செய்துகொள்வது. பிறர்மேற் சுமத்தினால் அது வாயடைப்பு ஆகிவிடும்.

கொன்பியூசியஸ் தம் மாணாக்கருள் யென் ஹுய் என்பவனை வியந்து பேசியபோது, அவனுக்குச் சினமே வந்ததில்லை என்று சொல்லவில்லை. ஒருவர்மேல் வந்த சினத்தை மற்றொருவர்மேல் மாற்றமாட்டான் என்றே புகழ்ந்தார். கந்தோரில் மேலதிகாரியிடம் வாங்கிய ஏச்சை, வீட்டிலே கணக்குப் பிழைவிட்ட பிள்ளையின் முதுகில் இறக்குகிறோமே, அந்த மாற்றத்தைத்தான் அவர் சுட்டினார். அந்தப் பிள்ளை வளர்ந்து அதனை இன்னொரு முதுகுக்குக் கொண்டுபோகும். சினத்தின் உண்மையான கேடு இந்தத் தொடர்ச்சியிலே இருக்கிறது.

போர்க்காலத்து வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் இதற்கு நல்ல சான்று. 1966இல் சமாதானம் வேண்டி அமெரிக்கா சென்ற அவரால் 2005 வரை தாய்நாட்டுக்குத் திரும்ப முடியவில்லை. சினத்தை, அழும் குழந்தையைத் தாய் ஏந்துவதுபோல் ஏந்த வேண்டும் என்று அவர் கற்பித்தார். பிரான்சில் அவர் நிறுவிய பிளம் கிராமத்தில் அமர்ந்து செய்யும் தியானத்துடன், மூங்கிற்கோல் கொண்டு செய்யும் அசைவுப் பயிற்சிகளும் பழகப்படுகின்றன. சினத்தை ஆற்றியவர் வாயை மூடவில்லை. போரை எதிர்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். சினத்தோடு ஆளப்படுவது வேறு, சினம் காட்டிய அநீதியைத் தெளிவாகப் பார்ப்பது வேறு என்பதற்கு அவர் வாழ்வு விளக்கம்.

எச்சரிக்கையும் ஒன்று வேண்டும். 1980களிலும் 1990களிலும் சீனத்தில் ச்சிகொங் பற்றிய அதிசயக் கதைகள் பெருகின. கை வீச்சினாற் கொடிய நோய் தீர்ப்பதாகச் சொன்னோரும் இருந்தனர். அவற்றுக்கு ஆதாரம் இல்லை. அளவுமீறிப் பயின்று மனநிலை குலைந்தவர்கள் உண்டென்பதையும் மனநல மருத்துவம் பதிவு செய்துள்ளது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர் அதை நிறுத்தக்கூடாது. மனநோய் உள்ளவர் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

சீன எழுத்தில் சினத்தையும் மன்னித்தலையும் குறிக்கும் இரு வடிவங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். இரண்டின் அடியிலும் இருப்பது இதயம் என்னும் எழுத்து. சினத்தில் அதன்மேல் 'அடிமை' என்ற எழுத்து. மன்னித்தலில் 'போல' என்ற எழுத்து. அவை ஒலி காட்டவே வைக்கப்பட்டன என்பர் அறிஞர். ஆயினும் மக்கள் அவற்றைப் பொருளாகவே வாசித்து வந்திருக்கிறார்கள்: அடிமைப்பட்ட இதயம் சினம், என் இதயம் போன்றதே பிறர் இதயமும் என்பது மன்னிப்பு. அடியிலுள்ள இதயம் இரண்டுக்கும் ஒன்றே. அதன்மேல் எது அமர்வது என்பதை, சினம் வராத நாட்களில் நாம் பழகிய பழக்கமே முடிவு செய்கிறது.