பாலைவனத்தில் ஓடும் வீடு!

சமையல் அறை உண்டு. படுக்கை உண்டு. குளியல் அறையும் உண்டு. ஆனால், அந்த வீடு ஓர் இடத்தில் நிற்காது. சக்கரம் கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடும்!

அமெரிக்காவில் விடுமுறை வந்துவிட்டால், பல குடும்பங்கள் இப்படி ஓடும் வீட்டில் ஏறிப் புறப்பட்டு விடுகின்றன. சிலர் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். சிலர் வாடகைக்கு எடுக்கிறார்கள். சில வண்டிகளில் எஞ்சினும் வீடும் ஒன்றாகவே இருக்கும். சில வீடுகளைக் காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்ல வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தில் இருந்து லேக் ஹவாசு என்ற ஏரிக்கரை ஊருக்கு இப்படிப் போகிறவர்கள் உண்டு. தூரம் சுமார் 500 கிலோ மீட்டர். நடுவில் கிடப்பது மொஹாவி பாலைவனம்.

தண்ணீருக்குக் கணக்கு

புறப்படும் முன், வண்டியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நிரப்புகிறார்கள். நடுத்தரமான வண்டியில் சுமார் 150 லிட்டர் பிடிக்கும். குளிப்பது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அதற்குள்தான்.

ஆகவே, உடம்பு நனைந்ததும் குழாயை மூடிவிட வேண்டும். சோப்புப் போட்ட பிறகு மறுபடியும் திறந்து, சீக்கிரம் அலசிக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கும் இதே சட்டம்தான்!

கழுவிய தண்ணீருக்குத் தனித் தொட்டி. கழிவறைக்கு இன்னொரு தொட்டி. கழிவைச் சாலை ஓரத்தில் திறந்து விடக் கூடாது. அதற்கென்று உள்ள இடத்தில் குழாய் மாட்டித்தான் இறக்க வேண்டும்.

குடிக்கும் தண்ணீர் வேறு. ஆளுக்கு, நாள் ஒன்றுக்கு, 4 லிட்டராவது தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். நடு வழியில் வண்டி நின்றுவிட்டால், உயிரைக் காப்பது அதுதான்.

அனல் சாலை

மலைக் கணவாயைத் தாண்டினால் பாலைவனம் தொடங்குகிறது. கண்ணுக்கு எட்டிய வரை கல்லும், வறண்ட புதரும்தான். பார்ஸ்டோ என்ற ஊரில் இருந்து 40-ம் எண் நெடுஞ்சாலை கிழக்கே போகிறது. அடுத்த ஊர் என்று சொல்லத்தக்க நீடில்ஸ் வர, 200 கிலோ மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். பெட்ரோல் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு.

அந்தக் காலத்தில், இந்தப் பக்கத்துச் சாலைக்கு 66 என்று எண். அதில் போனவர்கள், காரின் முன்னால் கித்தான் பையில் தண்ணீர் கட்டித் தொங்க விடுவார்கள். ரேடியேட்டர் கொதித்தால் ஊற்றுவதற்கு!

வெயில் சாதாரண வெயில் அல்ல. 1994-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி, லேக் ஹவாசுவில் வெப்பம் 128 டிகிரிக்கு ஏறியது. அதனால்தான் பலர் குளிர் காலத்தில் வருகிறார்கள். வடக்கே பனி கொட்டும்போது, கனடாவில் இருந்துகூட வீட்டோடு வந்து, மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களுக்குப் "பனிப் பறவைகள்" என்று பெயர்.

நீல ஏரி

கொலராடோ ஆற்றுப் பாலத்தைக் கடந்து, தெற்கே திரும்பினால் சுமார் 30 கிலோ மீட்டர். வறண்ட மலைகளுக்கு நடுவே, நீல நிறத்தில் ஏரி தெரிகிறது!

இது மனிதன் உண்டாக்கிய ஏரி. 1938-ல் கட்டி முடித்த பார்க்கர் அணை, ஆற்றைத் தடுத்து நிறுத்தியது. அணையின் உயரம் சுமார் 98 மீட்டர். அதில் 72 மீட்டர் ஆற்றின் அடியில் புதைந்து இருக்கிறது! ஏரியின் நீளம் சுமார் 72 கிலோ மீட்டர். ஏரி பெருகியபோது, அங்கே வாழ்ந்த செமிஹுவேவி என்ற பூர்வ குடிகளின் நிலம் தண்ணீரில் மூழ்கிப்போனது.

ஊருக்குள் இன்னொரு அதிசயம்: லண்டன் பாலம்! 1831-ல் தேம்ஸ் நதி மேல் திறக்கப்பட்ட பாலம் அது. இந்த ஊரை உண்டாக்கிய ராபர்ட் மெக்கல்லக் என்ற தொழில் அதிபர், 1968-ல் 24 லட்சத்து 60 ஆயிரம் டாலர் கொடுத்து அதை விலைக்கு வாங்கினார். கற்களுக்கு எண் போட்டுக் கப்பலில் கொண்டுவந்தார். காங்கிரீட் பாலம் கட்டி, அதன் மேல் அந்தக் கற்களைப் பதித்தார்கள். பிறகு அடியில் கால்வாய் வெட்டித் தண்ணீர் விட்டார்கள். 1971 அக்டோபரில் திறப்பு விழா நடந்தது.

தண்ணீர் போன வழி

பாலத்தைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. இந்த ஏரியின் தண்ணீர், 1941 முதல் தென் கலிபோர்னியாவுக்குப் போகிறது. ஐந்து நீரேற்று நிலையங்கள் அதைச் சுமார் 490 மீட்டர் மேலே ஏற்றுகின்றன. பாலைவனத்தைக் கடந்து அது ஓடும் தூரம் சுமார் 390 கிலோ மீட்டர். லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்துக்கும் அதில் பங்கு உண்டு. எதிர்ப் பக்கம் பீனிக்ஸ், டூசான் நகரங்களுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது.

கொலராடோ ஆற்றில் நீர் வரத்துக் குறைந்ததால், 2021 ஆகஸ்டில் அமெரிக்க அரசு முதல் முறையாகத் தட்டுப்பாடு அறிவித்தது. மறு ஆண்டு, அரிசோனா மாநிலத்தின் பங்கு வெட்டப்பட்டது.

ஓடும் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் குறைந்தால், சுவரில் உள்ள மானி காட்டிவிடும். ஊரில் உள்ள வீட்டுக் குழாய்க்கு அப்படி ஒரு மானி கிடையாது. திறந்தால் கொட்டுகிறது. அது எத்தனை மலை ஏறி வந்தது என்பது, பாலைவனத்தைக் கடந்து வந்த குழந்தைகளுக்குத் தெரியும். வீடு திரும்பிய பிறகும், சோப்புப் போடும்போது அவர்கள் குழாயை மூடினால், அந்தப் பயணத்துக்குச் செய்த செலவு வீண் இல்லை.