நஞ்சைப் பிரித்தறிதல்

விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடையில் உள்ள சிற்றூர் மண்டகப்பட்டு. மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயிலைக் காண அங்கே செல்வோர், நெல்லும் மணிலாவும் விளையும் நிலங்களையும் காண்பர். விளைச்சல் உள்ள இடத்தில் எலி உண்டு. எலியை நாடி நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். இருட்டில் வரப்பின்மேல் நடக்கும் உழவர் இவற்றிற்கு அஞ்சுவது இயல்பே.

கடியுண்டவரைக் காப்பது நஞ்சு முறிவு மருந்து. நஞ்சினைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலிற் செலுத்தினால் அதன் குருதியில் எதிர்ப்பொருள்கள் தோன்றும்; அவற்றைப் பிரித்தெடுத்து மருந்தாக்குவர். ஆகவே மருந்திற்கு முதற்பொருளும் நஞ்சே. அதனைச் சேகரிப்பதில் வல்லவர் இருளர். பாம்புத்தோல் வாணிகம் சட்டத்தால் தடைப்பட்டபின், 1978இல் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றியது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், பாம்பைக் கொல்லாது நஞ்சை மட்டும் எடுத்து, அதனை மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர்.

இந்நஞ்சு ஒரே பொருள் அன்று. பற்பல புரதங்களின் கலவை. சில குருதி உறைதலைக் குலைக்கும். சில நரம்பின் ஆணை தசையைச் சென்றடையாமல் தடுக்கும். இவற்றைத் தனித்தனியே பிரிப்பது எங்ஙனம்?

அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியே புரதம். அவ்வமிலங்களுட் சில நேர்மின்னேற்றமும் சில எதிர்மின்னேற்றமும் உடையன. ஆதலின் ஒவ்வொரு புரதமும் மின்புலத்தில் தனக்குரிய திசையில், தனக்குரிய விரைவில் நகரும். சுவீடன் நாட்டு அறிஞர் திசேலியசு 1937இல் இம்முறையாற் குருதிப் புரதங்களைப் பிரித்துக் காட்டினார். 1948இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் கையாண்டது வெறுங் கரைசல். பின்வந்தோர் நுண்துளைகள் நிறைந்த களியைக் கையாண்டனர். முள்வேலியில் ஓணான் எளிதில் நுழைந்தோடும். உடும்போ முட்டி முட்டித்தான் செல்லும். களியில் சிறு புரதமும் பெரும் புரதமும் அவ்வாறே செல்கின்றன.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. மின்னேற்றம் மிகுந்த பெரும் புரதமும், மின்னேற்றம் குறைந்த சிறு புரதமும் ஒரே இடத்தில் வந்து நிற்கக்கூடும். இதனை நீக்கும் வழியை லேம்லி என்பார் 1970இல் செம்மைப்படுத்தி வெளியிட்டார். சோப்பைப் போன்ற வேதிப்பொருள் ஒன்று புரதத்தின் மடிப்பை அவிழ்த்து, நீளத்திற்கேற்ற அளவில் எதிர்மின்னேற்றத்தை அதன்மீது போர்த்திவிடும். எல்லாம் நேர்முனையை நோக்கியே ஓடும். முந்துவதும் பிந்துவதும் உருவின் அளவைப் பொறுத்தனவே. பின்னர்க் களிக்கு நீலச்சாயம் ஊட்டினால் புரதங்கள் வரி வரியாய்த் தோன்றும். அச்சாயம் முதலிற் கம்பளித் துணிக்கென உண்டாக்கப்பட்டது என்பது ஒரு வேடிக்கை!

நல்ல பாம்பின் நரம்பு நஞ்சுகள் ஹைட்ரஜன் அணுவைப்போல் ஏறத்தாழ 7,000 மடங்கு எடையே உடையன. அவை களியின் அடிவரை ஓடிவிடும். சுருட்டை விரியனின் நஞ்சிலுள்ள சில புரதங்கள் 50,000 மடங்கிற்கும் மேற்பட்டவை. அவை மேலேயே தங்கும். ஒரே இனப் பாம்பாயினும் ஊர் மாறினால் வரிகளும் மாறுவதுண்டு. இதனால் ஒரு வட்டாரத்து நஞ்சைக் கொண்டு செய்த மருந்து, மற்றொரு வட்டாரத்தில் அதே அளவு பயன்படாமற் போகலாம்.

களியிலுள்ள வரிகளை மெல்லிய தாள் போன்ற படலத்திற்கு மாற்றி, அதன்மீது முறிவு மருந்தைப் படியச் செய்வதும் உண்டு. மருந்து பற்றிக்கொண்ட வரிகள் புலப்படும். பற்றாதவை மறைந்தே நிற்கும். மறைந்து நிற்பவற்றுள் அடிவரை ஓடிய சிறு புரதங்கள் பல. அவற்றிற்கு எதிர்ப்பொருளைக் குதிரையின் உடல் போதிய அளவு உண்டாக்குவதில்லை; நல்ல பாம்பு கடித்தவரின் மூச்சை நிறுத்துபவையோ அவைதாம்.